சில்லை ஆட்டிப் பார்த்த கை

யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை இருந்த 1990களில் ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உதிரிப்பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் முன்சில்லு உதறுகிறது என்று கார் வந்தால், எதையும் கழற்றும் முன் நோயைப் பிடித்தாக வேண்டும்.

கராஜில் வேலை பழகிய எனக்கு மெக்கானிக் அண்ணை சொல்லித்தந்த முறை இதுதான். முன்பக்கத்தை ஜாக்கில் உயர்த்தி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். ஆட்டம் நின்றால் பெயறிங்; நிற்காவிட்டால், சில்லு திரும்பும் அச்சான கிங் பின். பிறகு இடமும் வலமுமாக ஆட்டிப் பார்ப்போம். ஆடினால் ரை ரொட் முனைகளைச் சந்தேகிக்கலாம். "தம்பி, கண்ணாலை பாக்காதை, மூட்டிலை விரலை வைச்சுப் பார்" என்பார். கண்ணுக்குப் பிடிபடாத தேய்வு விரலுக்குப் பிடிபடும்.

இப்போது லண்டன். 1948இல் இங்கே ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனருக்கு, வேண்டிய பாகம் தபாலில் வீட்டுக்கே வருகிறது. அதன் உடல் தகடுகளை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலமும் உண்டு.

ஹரோவில் நண்பர் ஒருவரின் மைனர் 45 மைல் வேகம் தொட்டதும் ஸ்ரியறிங்கை உதறியது. புது ரயர், வீல் பலன்சிங், ட்றாக்கிங் என்று காசு கரைந்ததே தவிர உதறல் போகவில்லை. ஜாக் வைத்து ஆட்டினேன். பிறேக்கை மிதித்த பிறகும் ஆட்டம் இருந்தது. மைனரில் கிங் பின்னின் கீழ் முனை ட்றனியன் என்ற மரையில் அமர்கிறது. கிறீஸ் காணாமல் அந்த மரை தேய்ந்துபோயிருந்தது. அது கழன்றால் ஓடும்போதே சில்லு மடிந்து, காரின் முன்பக்கம் தெருவில் விழும். இவ்வளவு செலவழித்தும் அந்தச் சில்லை ஒருவரும் பிடித்து ஆட்டிப் பார்த்திருக்கவில்லை என்பதில்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

சட்டமும் இப்போது கேட்பதில்லை. 40 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே முதல் எம்ஓடி பரிசோதனை கட்டாயமில்லை. இத்தகைய பழைய கார்களுக்குள்ள வரிவிலக்கை மனதார வரவேற்கிறேன். ஆனால் இந்தப் பரிசோதனை விலக்கில் எனக்கு உடன்பாடில்லை. விரும்பினால் இப்போதும் பரிசோதிக்கலாம். பழைய கார் வைத்திருப்பவர்களே, ஆண்டுக்கு ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள். இடையில் ட்றனியனுக்குக் கிறீஸ் அடிக்க மறக்காதீர்கள்.