பிசியும் பிஸியும்: சாலாக் செலாத்தான் அலுவலகம் ஒன்றை முன்வைத்து

ஆய்வுச் சிக்கல்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10:20க்கு எங்கள் அலுவலகப் புலனக் குழுவில் ஒரு லிங்க் வந்து விழுந்தது. 'மாமாக் கடையில் நீங்கள் என்ன பானம்? ஏழே கேள்விகளில் தெரிந்துகொள்ளுங்கள்!' அனுப்பியவர் டெஸ்பாட்ச் தம்பி. அந்த நேரத்தில் அவர் பூச்சோங்கில் ஒரு பார்சலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்க வேண்டியவர். 10:31க்குள் மாடியில் இருந்த ஆறு பேரும் ஏழு கேள்விக்கும் பதில் போட்டு முடிவையும் பகிர்ந்துவிட்டோம். அதே குழுவில், அதற்கு நேர் மேலே, முதல் நாள் மாலை மேலாளர் கேட்ட ஒரே ஒரு கேள்வி அப்படியே கிடந்தது: 'சனிக்கிழமை ஸ்டாக் எடுக்க யார் யார் வருகிறீர்கள்?' பார்த்ததற்கான நீலக் குறி ஆறும் இருந்தன. பதில் ஒன்றும் இல்லை.

ஒரு கேள்விக்கு வராத பதில் ஏழு கேள்விக்கு வந்தது எப்படி? இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல் இதுதான்.

முடிவுகளைப் பதிவு செய்வது ஆய்வாளனின் கடமை. தம்பிக்கு மைலோ டைனோசார் வந்தது. சேல்ஸ் அண்ணனுக்கு சிராப் பண்டூங். "பார்க்க அழகு, குடிச்சா வெறும் சீனி" என்று கணக்குப் பிரிவு அக்கா அதற்கு உரை எழுதினார். அக்காவுக்கு வந்தது தே ஓ கோசோங். பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. "நான் என்னா அவ்ளோ கசப்பாவா இருக்கேன்?" என்று கேட்டார். ஆறு பேர் இருக்கும் குழுவில் ஒருவர்கூட 'டைப்பிங்' என்று காட்டவில்லை. அந்த அமைதி தாங்காமல், மேலாளர் எப்படிப் பதில் சொல்வாரோ அப்படியே ஏழு கேள்விக்கும் அக்கா தட்டிப் பார்த்தார். ஆயர் சுவாம் வந்தது. இளஞ்சூட்டு வெறுந்தண்ணீர். இந்த முடிவு மேலாளர் இல்லாத இன்னொரு குழுவுக்கு மட்டும் அனுப்பப்பட்டது. எந்த அலுவலகத்துக்கும் இரண்டு புலனக் குழுக்கள் உண்டு என்பதற்கு மேற்கோள் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

தகவலாளிகளின் பெயர்களை மறைத்திருக்கிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டதால் அன்று. மேலாளர் பத்திரிகை வாசிப்பவர். என் முடிவை நடுநிலை கருதி வெளியிடவில்லை.

முந்தைய ஆய்வுகள்

கைக்கு எட்டவில்லை. இருந்தாலும் அவற்றை எழுதியவர்கள் வேலை நேரத்தில்தான் எழுதியிருப்பார்கள்.

சொல்லாராய்ச்சி

தொல்காப்பியர் செய்யுளியலில் யாப்பை ஏழாக வகுக்கிறார்: பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல். ஐந்தாவதாக நிற்கும் பிசிதான் நம் பொருள். பிசி என்றால் விடுகதை. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சொல்வது ஒரு வகை, குறிப்பைக் கொடுத்துத் துணிய வைப்பது இன்னொரு வகை. 'நீங்கள் என்ன பானம்?' என்பது முதல் வகை. பச்சைக் கட்டம், மஞ்சள் கட்டம் காட்டிச் சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்வது இரண்டாம் வகை. இரண்டுக்கும் வெளியே விழும் ஒரு லிங்க்கையாவது தம்பி அனுப்புவார் என்று மூன்று மாதம் காத்திருந்தேன். அனுப்பவில்லை. தொல்காப்பியரின் பகுப்பு அவ்வளவு இறுக்கமானது.

இன்று மேசை மேல் இருப்பது பி.சி. அதில் நடப்பது பிசி. யாராவது கூப்பிட்டால் வரும் விடை, "பிஸி". மொழிஞாயிறு பாவாணர் இருந்திருந்தால் ஆங்கிலச் சொல்லின் வேரே இதுதான் என்று ஒரு பிற்பகலில் நிறுவிவிட்டிருப்பார். எனக்கு அந்தப் புலமை இல்லை. ஆங்கில அகராதிகளும் ஒத்துழைக்க மறுக்கின்றன. ஆனாலும் "பிஸியா இருக்கேன்" என்பவர் பொய் சொல்கிறார் என்ற பழி இத்துடன் நீங்குகிறது. அவர் செந்தமிழில் உண்மையைத்தான் சொல்கிறார். ஒரு கிரந்த எழுத்து குறுக்கே வந்துவிட்டது.

ஆய்வுக்களம்

சாலாக் செலாத்தானே ஒரு பிசி. பெயர் ஒன்று, நிலையம் இரண்டு, இரண்டும் ஒட்டாது: அது என்ன? கேடிஎம் கொமுட்டருக்கு ஒரு சாலாக் செலாத்தான், எல்ஆர்டிக்கு வேறொரு சாலாக் செலாத்தான். ஒன்றில் இறங்கி நேரே மற்றதில் ஏறலாம் என்று நினைத்து வந்த இண்டர்வியூக்காரர்கள் வியர்வையோடு மாடியேறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய மண். இப்போது கார் பட்டறைகளும் உதிரிபாகக் கடைகளும், அவற்றின் மாடிகளில் எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளும். அக்கா கிள்ளானிலிருந்து கொமுட்டரில் வருகிறார். கேஎல் சென்ட்ரலில் மாறி, மிட்வேலி, செபூத்தே தாண்டி இறங்க வேண்டும். அந்தப் பயணத்தில் அவர் செய்வது என்ன என்று கேட்டேன். "மிட்டாய் உடைப்பேன்" என்றார். கேண்டி கிரஷ்.

பாஸ் கீயின் வரலாறு

என் தாத்தா கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கிராணி. காலையில் பெரட்டு முடிந்து ஆட்கள் நிரைக்குப் போனதும் ஆபீசில் அவரும் செக்ரோல் புத்தகமும்தான். பெரிய புத்தகம், மேசையில் பாதியை அடைக்கும். அதன் நடுவே நான்காக மடித்த பேப்பர் இருக்குமாம், குறுக்கெழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி. துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் பாலத்தடியில் கேட்டால் பக்கத்தைப் புரட்ட வேண்டும், அவ்வளவுதான். பாலத்திலிருந்து ஆபீசுக்கு ஒரு நிமிடம். கடைசிக் கட்டத்தை நிரப்பிவிட்டுப் புரட்டினாலும் நேரம் மிஞ்சும் என்று பாட்டி சொல்வார்.

இதையே 1988இல் மைக்ரோசாஃப்டில் பயிற்சிக்கு வந்திருந்த வெஸ் செரி என்ற மாணவர் மீண்டும் கண்டுபிடித்தார். விண்டோஸில் வந்த சொலிட்டேரை எழுதியவர் அவர். சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். ஒரு விசையைத் தட்டினால் ஆட்டம் மறைந்து எக்செல் கணக்குத்தாள் போன்ற ஒரு போலித் திரை வரும்படி செரி அதில் வைத்திருந்தார். பெயரே 'பாஸ் கீ'. வெளியிடும் முன் அதை எடுத்துவிடச் சொன்னது நிறுவனம். 1990இல் விண்டோஸ் 3.0வோடு உலகத்து மேசைகளுக்கெல்லாம் ஆட்டம் போய்ச் சேர்ந்தது, தப்பிக்கும் வழி இல்லாமல். செரிக்கு உரிமைத்தொகையும் கிடைக்கவில்லை. 2006இல் நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க் ஓர் ஊழியரின் திரையில் சொலிட்டேரைப் பார்த்துவிட்டு அவரை வேலையிலிருந்தே தூக்கினார். தாத்தாவின் செக்ரோல் மட்டும் அந்த மேசையில் இருந்திருந்தால்!

நியூயார்க் என்றதும் இன்னொன்று. குறுக்கெழுத்து பிறந்ததே அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்றில்தான், 1913 டிசம்பர் 21 அன்று. பித்துப் பிடித்ததுபோல் எல்லோரும் போடத் தொடங்கியபோது, 1924இல் நியூயார்க் டைம்ஸ் இதைப் பாவமான வீண்வேலை என்று ஏசியது. 1942இல் தானே குறுக்கெழுத்து போட ஆரம்பித்தது. 2022 ஜனவரியில் வேர்டில் ஆட்டத்தை ஏழு இலக்க டாலர் கொடுத்து வாங்கியது. 98 ஆண்டில் ஒரு கண்டிப்பான மேலாளர் எவ்வளவு தூரம் வருவார் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியாது.

வேர்டிலைச் செய்தவர் ஜோஷ் வார்டில். தம் துணைவி பலக் ஷாவுக்குச் சொல் விளையாட்டு பிடிக்கும் என்பதற்காகச் செய்தார். 2021 நவம்பர் 1 அன்று ஆடியவர்கள் 90 பேர். இரண்டே மாதத்தில் 3 லட்சத்துக்கு மேல். ஒரு நாளைக்கு ஒரே சொல், எல்லோருக்கும் அதே சொல். விடையைச் சொல்லாமல் பெருமையை மட்டும் பகிரலாம் என்பதுதான் அதன் சூட்சுமம்: பச்சை, மஞ்சள், சாம்பல் கட்டங்கள், எழுத்து எதுவும் இல்லை. தம்பி ஒரு நாள் கை தவறி அந்தக் கட்டங்களை மேலாளர் இருக்கும் குழுவில் போட்டுவிட்டார். மாடி முழுக்க மூச்சடங்கியது. இரண்டு நிமிடம் கழித்து மேலாளர் கட்டைவிரலை உயர்த்தினார். "எல்லாம் பச்சையாயிருச்சு, நல்லது. மஞ்சள் ரெண்டும் எந்த டெலிவரி?" என்று கேட்டிருந்தார். மைக்ரோசாஃப்ட் பிடுங்கிய பாஸ் கீ இப்படித் திரும்பி வந்தது.

அக்காவுக்கு ஆங்கிலச் சொல்லில் ஆர்வமில்லை. "தமிழ்ல இருந்தா ஆடுவேன்" என்றார். சேல்ஸ் அண்ணன் வெள்ளைப் பலகையில் ஐந்து கட்டம் கிழித்து, "ஐந்தெழுத்து, சொல்லுங்க" என்றார். அக்கா யோசிக்கவே இல்லை. "நமசிவாய." ஆட்டம் முதல் வரியிலேயே முடிந்தது. சைவத் தமிழரிடம் ஐந்தெழுத்து என்றால் வேறு விடையை எதிர்பார்ப்பது வடிவமைப்புக் குறை. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நமக்கு ஐந்தெழுத்தாக இருக்கும் அதே சொல், யூனிகோடில் ஏழு குறியீடு. 'சி'யின் கொக்கியையும் 'வா'வின் காலையும் அது தனியாக எண்ணும். 247 எழுத்தையும் விசைப்பலகையில் பரப்பினால் தேட இடைவேளை போதாது. ஆக, தமிழில் ஆட வேண்டுமென்றால் முதலில் எழுத்து எது என்று கணினிக்கும் நமக்கும் ஓர் உடன்பாடு வேண்டும். பலகையில் அந்தச் சண்டை 40 நிமிடம் நடந்தது. மற்ற ஆட்டங்களைவிட அதுதான் நன்றாக இருந்தது.

கிளியும் லிங்க்கும்

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸ் அஞ்சடியில் கிளி ஜோசியம் பார்த்தவர்களுக்கு இந்த லிங்க் எதுவும் புதிதாக இருக்காது. பெயரைச் சொல்ல வேண்டும், கூண்டு திறக்கும், கிளி நடந்து வந்து அட்டைகளை அலகால் தள்ளித் தள்ளி ஒன்றை எடுத்துப் போடும், ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். அட்டையில் இருப்பது முருகனோ அம்மனோ, "உனக்கு நல்ல மனசு, ஆனா நீ நம்பினவங்கதான் உன்னை ஏமாத்துறாங்க" என்று ஜோசியர் சொன்னதும், 'எப்படித் தெரிந்தது?' என்று நாம் வாய்பிளப்போம்.

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் கிளி இல்லாமல் இதைச் செய்தார். மாணவர் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு முடிவைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள்தான் என்று பிறகு சொன்னார். வாசகங்களைப் பெரும்பாலும் கடையில் விற்ற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். நம் ஊர் ஜோசியர் இதற்கு ஆய்வேடு எழுதவில்லை, பத்து வெள்ளி வாங்கிக்கொண்டார்.

கிளிக்கும் லிங்க்குக்கும் வேறுபாடு நெல்லில் இருக்கிறது. 2018 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தபோது தெரியவந்தது இது: முகநூலில் ஓர் ஆளுமை வினாடிவினாவைப் போட்டவர்கள் ஏறக்குறைய 2 லட்சத்து 70 ஆயிரம் பேர், அவர்களின் நண்பர்கள் வழியாகக் கைமாறிய விவரம் 87 மில்லியன் பேருடையது வரை இருக்கலாம் என்று முகநூலே சொன்னது. கிளி ஒரு நெல்லோடு போய்விடும். அண்ணன், மாமன், மச்சான் பெயரையெல்லாம் கொத்திக்கொண்டு போகாது. தம்பி அனுப்பிய இன்னொரு வினாடிவினா, அவர் படித்த முதல் பள்ளி எது, அம்மாவின் ஊர் எது என்று கேட்டது. வங்கி கேட்கும் கேள்விகளும் அவையே என்று சொன்னேன். "வங்கி கேட்டா பயமா இருக்கும்ணே, இது கேட்டா சந்தோஷமா இருக்கு" என்றார்.

அதுதான் விஷயம். 22 வருஷமாக அக்காவிடம் அந்த மாடியில் கேட்கப்பட்ட கேள்விகளை நினைத்துப் பாருங்கள். இன்வாய்ஸ் போயிருச்சா? ஜிஎஸ்டி போய் எஸ்எஸ்டி வந்துருச்சே, மாத்தியாச்சா? பிரிண்டர்ல தாள் இருக்கா? மழை பிடிக்குமா வெயில் பிடிக்குமா, மலைக்குப் போவீங்களா கடலுக்குப் போவீங்களா என்று அவரிடம் கேட்டது அந்த லிங்க் ஒன்றுதான். தே ஓ கோசோங் என்று வந்ததில் அவர் கோபப்பட்டார் என்று சொன்னேன் அல்லவா? மறுநாள் அவரது புலனப் படம் மாறியிருந்தது. கண்ணாடி டம்ளரில் கறுப்புத் தேநீர்.

எச்.ஆர். நடத்தும் கஹூட் வினாடிவினாவை இதோடு சேர்க்க முடியாது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின் ஜூமில் மாதம் ஒருமுறை நடந்தது. கம்பெனியின் ஐந்து கொள்கைகள் எவை என்று கேட்பார்கள். ஆட்டத்தைக் கம்பெனியே நடத்தினால் அதற்கு டீம் பில்டிங் என்று பெயர், கேமராவை எல்லோரும் அணைத்துவிடுவார்கள்.

சட்ட நோக்கு

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60ஏ பிரிவு, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வேலை வாங்கினால் 30 நிமிடமாவது ஓய்வு தர வேண்டும் என்கிறது. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரத்தையும் 48இலிருந்து 45 மணியாக்கியது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதே பிரிவில் ஒரு சிறு வாசகத்தை யாரும் கவனிப்பதில்லை: 30 நிமிடத்துக்குக் குறைந்த எந்த இடைவெளியும் அந்த ஐந்து மணி நேரத்தின் தொடர்ச்சியை முறிக்காது. முதலாளிமார் ஏமாற்றக்கூடாது என்பதற்காக எழுதியது. ஆனால் நிதானமாகப் படியுங்கள். வேர்டிலுக்கு நான்கு நிமிடம், பானம் பார்க்க மூன்று நிமிடம். சட்டத்தின் பார்வையில் எங்கள் வேலை ஒரு கணமும் அறுபடவில்லை. இந்த வாதத்தைச் சேல்ஸ் அண்ணனிடம் சொன்னேன். "மேலாளர்கிட்ட சொல்லிறாதீங்க, 29 நிமிஷம் வரைக்கும் ஓகேன்னு சனிக்கிழமையும் கூப்பிட்டிருவாரு" என்றார்.

களத்தில் கடைசி நாள்

சனிக்கிழமை ஸ்டாக் எடுக்கக் கடைசியில் நானும் அக்காவும் போனோம். மதியம் கீழே மாமாக் கடையில் மேலாளர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். அக்கா கை கழுவப் போயிருந்தார். மேலாளர் சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த லிங்க்... நானும் போட்டுப் பார்த்தேன்" என்றார்.

"என்ன சார் வந்துச்சு?"

"ஆயர் சுவாம்."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டேன். தகவலாளியின் மேல் ஆய்வாளனின் முகம் செல்வாக்குச் செலுத்திவிடக் கூடாது.

"மூணு தடவை போட்டேன். கடைசித் தடவை எல்லாப் பதிலையும் மாத்திப் போட்டேன். அப்பவும் அதான் வருது."

கடைக்காரர் வந்து நின்றார். "சார், வழக்கம்போல ஆயர் சுவாமா?"

மேலாளர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தே தாரிக்" என்றார். "காவ்."