சாவிக்கொத்தோடு பாங்காக் போனவன்

நூலகர் என்றால் புத்தகம் யார் கையிலும் சிக்காமல் பார்த்துக்கொள்கிறவர் என்றுதான் பன்னிரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது இல்லை. நான் வேலை பார்த்த பொறியியல் கல்லூரியில் ஒரு புத்தகம் காணாமல் போனால் அதன் விலையை என் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆகவே கண்ணாடி பீரோவைப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே வரும் பையனை “என்ன வேணும்?” என்று போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் மாதிரி கேட்பேன். பாதிப் பேர் “சும்மா சார்” என்று ஓடிவிடுவார்கள். நஷ்டக் கணக்கு பூஜ்யம்.

இத்தனைக்கும் நான் சீர்காழிப் பக்கத்து ஆள். இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த ஊர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதே, புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்கிறது. அந்த விதியைப் பற்றிப் பரீட்சையில் பத்துப் பக்கம் எழுதி முதல் வகுப்பு வாங்கியவன் நான். பரீட்சை வேறு, பீரோ வேறு.

ரங்கநாதனும் ஆசைப்பட்டு நூலகர் ஆனவர் இல்லை. கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நாளிலேயே கொட்டாவி தாங்காமல் பழைய வேலைக்கே போகிறேன் என்று நின்றார். லண்டன் போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவெடுக்கச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். போனவர் தெளிந்து வந்தார். எனக்கு வாய்த்தது லண்டன் இல்லை, பாங்காக்.

2009இல் அங்கே ஒரு சர்வதேசப் பள்ளி ஸ்கைப்பில் நேர்காணல் செய்தது. “நூலகம் பற்றி உங்கள் கனவு என்ன?” என்று கேட்டார்கள். என் கனவு கொசு இல்லாத தூக்கம். ஆனாலும் ஐந்து விதிகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேன். தலைமை ஆசிரியை உருகிவிட்டார். உள்ளூர்ச் சரக்கை வெளியூரில் விற்பது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம்.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டிருந்தேன். பள்ளி அதைத்தான் பிடித்துக்கொண்டது. ஊரில் என் அம்மாகூட ஒருநாளும் சொல்லாத பெயரை நாலு வயசுக் குழந்தைகள் மிஸ்டர் போட்டு நாள் முழுக்கக் கூவின. அப்பா ஊரில் தும்மிக்கொண்டே இருந்திருப்பார்.

இரண்டாவது சிக்கல் மரியாதை. உதவியாளர் அம்மாள் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தாய்லாந்தில் மூத்தவர்களை, அண்ணனோ அக்காவோ, பெயருக்கு முன்னால் ‘பீ’ சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு புரளவில்லை. மூன்று மாதம் ஜாடையிலேயே குடும்பம் நடத்தினேன்.

அவர்தான் என் மானத்தைக் காப்பாற்றினார். சேர்ந்த வாரமே தாய்லாந்து மொழிப் புத்தக அலமாரியைச் சரிபார்த்தேன். எல்லாவற்றிலும் அச்சான வருஷம் 2545, 2548 என்றே இருந்தது. எவனோ கூசாமல் ஐந்நூறு வருஷத்தை ஏற்றிவிட்டான் என்று முடிவுகட்டி, நிர்வாகத்துக்கு மூன்று பக்க அறிக்கை தயார் செய்தேன். அம்மாள் அதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் என் வேலை அனுமதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். தேதியில் 2552. அங்கே நடப்பது புத்த சகாப்தம். நம் கணக்கோடு 543 கூட்ட வேண்டும். அறிக்கையைக் கிழித்தேன்.

அதே அம்மாள் ஒருநாள் மத நூல் தட்டின் முன் நின்றுகொண்டு புத்தர் ஏன் இந்த மூலையில் என்று கேட்டார். புத்தகங்களை எண் போட்டு அடுக்க மெல்வில் டூயி 1876இல் வகுத்த திட்டம் அது. 200 என்றால் மதம். அதில் 220 முதல் 280கள் வரை கிறிஸ்தவத்துக்கு விசாலமான பங்களா. மற்ற எல்லோரும் 290களில் ஒண்டுக்குடித்தனம். புத்தர் 294.3, நம் சாமிகள் 294.5. “பக்கத்து வீடுதான்” என்று சமாதானம் சொன்னேன். ஊரெல்லாம் தங்கக் கோபுரம் கட்டிவைத்திருக்கிறார்களே, அவர்களிடம் போய்!

ஆனால் என்னை நிஜமாகவே கவிழ்த்தது மழலையர் வகுப்பு. அந்த நூலகத்தில் பூட்டு கிடையாது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு, மெத்தையில் மல்லாந்து படித்தார்கள். “சைலன்ஸ்!” என்றேன். புது விளையாட்டு என்று நினைத்து இருபது பேரும் “சைலன்ஸ்!” என்று கத்தினார்கள். சரி, கதையாவது வாசிப்போம் என்று உட்கார்ந்தேன். ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு, விலை என்று வரிசையாக வாசித்து முடித்தபோது ஒரு பொடியன் கேட்டான்: “யானை எப்ப வரும்?”

யானைக்கும் என்னால் கஷ்டகாலம்தான். புத்தகத்தில் ரகசியப் பக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முத்திரை குத்துவது நம் நூலகங்களின் வழக்கம். திருடன் முதல் பக்கத்தைக் கிழித்தாலும் அகப்படுவான். என் கல்லூரியில் 51ஆம் பக்கம். படப் புத்தகத்தில் மொத்தமே 32 பக்கம். மண்டையைக் குடைந்து 17 என்று தீர்மானித்து, ஓங்கி ஒரு குத்து. யானையின் வயிற்றில் நட்டநடுவே வட்ட முத்திரை. “யானை ஏன் பச்சை குத்தியிருக்கு?” என்று வகுப்பே கவலைப்பட்டது.

வருஷக் கடைசியில் இருப்புச் சரிபார்த்தேன். 41 புத்தகம் காணோம். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. ஒன்று படகில் போகும்போது கால்வாயில் விழுந்தது, இன்னொன்றை நாய் தின்றது என்று குற்றவாளிகள் வாரியாகப் பட்டியல் போட்டு, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்ற மன்னிப்புக் கடிதத்தோடு தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன்.

அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். “41தானா? பிள்ளைகள் சரியாக எடுத்துப் போகவில்லையோ?”

அடுத்த வருஷம் 96 காணாமல் போயின. சம்பளம் கூட்டினார்கள்.