வைகையில் பாய்மரம்

கேள்வி: சென்னையில் உள்ளதுபோல் நம் வைகைக் கரையிலும் ஒரு படகுச் சங்கம் ஆரம்பித்தால் என்ன? (ஒரு வாசகர், வில்லாபுரம்)

பதில்: பேஷாக ஆரம்பிக்கலாம்; காரியதரிசி, பொக்கிஷதார், வருஷச் சந்தா யாவும் சுலபத்தில் சேர்ந்துவிடும், ஜலம் ஒன்றுதான் பாக்கி. 1867-இல் தோன்றிய சென்னைப் படகுச் சங்கத்தார் துடுப்பு வலிக்க அடையாறு இருந்தது. 1911-இல் துறைமுகத் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் ஸ்தாபித்த பாய்மரச் சங்கத்துக்கோ துறைமுகமே இருந்தது. நமக்கோ, சித்திரையில் அழகர் இறங்குவதற்கே அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது! தைப்பூசத்தன்று வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தெப்பம் மிதக்கிறதென்பது வாஸ்தவம். அதையும் கரையில் நின்று வடம் பிடித்து இழுக்கிறோமேயன்றி, காற்றை நம்பி விட்டதில்லை.