பச்சைக்கொடி ஜங்ஷன்

திருத்துறைப்பூண்டி ஒரு ரயில்வே ஜங்ஷன். 2012 முதல் 2019 வரை அந்த ஜங்ஷனுக்கு ரயில் வரவில்லை. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

காரணம் வளர்ச்சி. நம் ஊர் வழியாகப் போன திருவாரூர் – காரைக்குடி மீட்டர் கேஜை அகலப்பாதை ஆக்கித் தருகிறோம் என்றார்கள். 149 கிலோமீட்டர். தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பெயர்ப்பதில் காட்டிய சுறுசுறுப்பைப் போடுவதில் காட்டவில்லை. அந்த வருடம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடித்து வெளியே வந்த பிறகுதான் முழுப் பாதையிலும் ரயில் வந்தது. இடையில், 2017-ல், ரயில்வேக்கென்று தனி பட்ஜெட் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். அதுவரை வருடத்துக்கு ஒரு நாளாவது நம் ஊர் பெயர் டெல்லியில் காதில் விழுமா என்று காத்திருந்தோம். அந்தத் தொல்லையும் விட்டது.

2019 ஜூனில் ரயில் வந்தது. வந்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும்.

பாதை போட்டவர்கள் லெவல் கிராஸிங் கேட்டும் போட்டிருந்தார்கள். கேட்டுக்குத்தான் ஆள் போடவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கேட் கீப்பரை ரயிலிலேயே ஏற்றினார்கள். கேட் வரும். ரயில் நிற்கும். ஆள் இறங்கிப் போய் கேட்டை மூடுவார். ரயில் கடக்கும். மறுபடியும் நிற்கும். கேட்டைத் திறந்துவிட்டு வந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட் வரும். வழிநெடுக இதே கூத்து. வெள்ளைக்காரன் காலத்துக் கதை இல்லை இது. அதே வருடம் பிப்ரவரியில் டெல்லியிலிருந்து வாரணாசிக்கு வந்தே பாரத் கிளம்பியிருந்தது. புல்லட் ரயிலுக்கு அடிக்கல் நாட்டி இரண்டு வருடம் ஆகப்போகிறது. அங்கே புல்லட். இங்கே இறங்கி, மூடி, திறந்து, ஏறு.

அப்போது 149 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். ஏழு வருடம் காத்திருந்து வாங்கிய வேகம் இது. தனியார் பஸ் முதலாளிகள் இன்னும் ரயில்வேக்குக் கோயில் கட்டாதது அவர்களுடைய நன்றிகெட்டதனம்.

இப்படி ஒரு வண்டியை ஓட்டிவிட்டு, ஆள் ஏறுகிறதா என்று எண்ணுவார்கள். வேலைக்குப் போகிறவன் ஏற முடியாது. கல்லூரிக்குப் போகிறவள் ஏற முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் ஏறினால் போய்ச் சேருவதற்குள் டாக்டர் வீட்டுக்குப் போயிருப்பார். அப்புறம் ஃபைலில் எழுதுவார்கள்: 'பயணிகள் ஆதரவு போதவில்லை.' கிராமத்து ரயிலைக் கொல்ல இதைவிடச் சுத்தமான முறை இல்லை. கையில் ரத்தம் ஒட்டாது.

பிறகு கொரோனா வந்தது. நாடு முழுக்க ரயில் நின்றது. அதைக் குறை சொல்ல முடியாது. திரும்பி வந்த விதத்தைச் சொல்லலாம். பாசஞ்சராகப் போன வண்டி 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' ஆக வந்தது. பெட்டி அதே. வேகம் அதே. சீட்டில் கிழிசல் அதே. குறைந்தபட்ச டிக்கெட் மட்டும் பத்து ரூபாயிலிருந்து முப்பது. 2024 பிப்ரவரியில், மக்களவைத் தேர்தல் வாசலில் வந்து நின்றபோது, மறுபடியும் பத்து ரூபாய் ஆனது. நடுவில் நம்மிடம் வாங்கிய இருபதுகள்? அதை யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. மூத்த குடிமக்களுக்கான சலுகையும் 2020 மார்ச்சில்தான் போனது. ஆண்களுக்கு நாற்பது சதவீதம், பெண்களுக்கு ஐம்பது. கொரோனாவோடு போனது கொரோனா போனதும் திரும்ப வேண்டாமா? நோய் போய்விட்டது. வசூல் நிற்கவில்லை.

ஜங்ஷன் என்றால் கிளைப்பாதை வேண்டும். வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளிக் கிளை 2023 ஏப்ரல் 8-ல் திறந்தது. பிரதமரே சென்னையிலிருந்து தொடங்கி வைத்தார். 37 கிலோமீட்டர், 294 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு எட்டுக் கோடி நெருங்குகிறது. உப்பு ஏற்றுமதிக்கு உதவும் என்றார்கள். உதவட்டும். 1930-ல் ராஜாஜியும் தொண்டர்களும் அதே உப்புக்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். பதினைந்து நாளில் சேர்ந்துவிட்டார்கள். நடந்ததால் சேர்ந்தார்கள்.

சென்னைக்கு ரயில்? ஒரு காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸ் இந்த வழியாக எழும்பூருக்குப் போனது. மீட்டர் கேஜோடு அதுவும் போனது. 2023-ல் தாம்பரம் – செங்கோட்டை வண்டி கிடைத்தது, வாரத்தில் மூன்று நாள் என்ற கணக்கில். மிச்ச நாட்களில் டெல்டாக்காரனுக்குச் சென்னையில் என்ன வேலை? தினசரி வண்டி 2025 ஏப்ரலில்தான் வந்தது. அதுவும் பாம்பனில் புதிய பாலம் திறந்ததால், ராமேஸ்வரத்துக்கு விட்ட வண்டி. நாம் வழியில் இருந்தோம். இரண்டுமே தாம்பரத்தோடு சரி. எழும்பூருக்குப் போக வேண்டியவர் மூட்டை முடிச்சோடு எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிக்கட்டும். அகலப்பாதை ஆனபின் நம் ஊரிலிருந்து சென்னை கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது.

ஆனால் விழாக்களுக்குக் குறைவில்லை. பாதை முடிந்தால் விழா. சோதனை ஓட்டம் என்றால் விழா. ஏதோ ஒரு ஸ்டேஷனில் ஒரு வண்டி இரண்டு நிமிடம் நிற்க அனுமதி வந்தால் அதற்கும் விழா. அந்த நிறுத்தமும் 'சோதனை அடிப்படையில்' ஆறு மாதம்தான். அதற்குள் 'நிறுத்தம் பெற்றுத் தந்த நாயகனே' என்று எல்லாக் கட்சிகளும் ஃப்ளெக்ஸ் வைத்துவிடும். வண்டி நிற்கும் நேரத்தைவிட ஃப்ளெக்ஸ் நிற்கும் நேரம் அதிகம். பெயர்த்த பாதை ஏழு வருடம் ரயில் வராமல் கிடந்தபோது இந்த நாயகர்கள் எந்த ஸ்டேஷனில் நின்றார்கள் என்று தெரியவில்லை.

அடுத்த முறை ஒருவர் பச்சைக்கொடியோடு பிளாட்பாரத்துக்கு வருவார். கைதட்டாதீர்கள். இந்த வண்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், நாளைக்கும் வருமா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் வந்த பிறகு கொடியை ஆட்டட்டும்.