மூட்டை கட்டும் முன்

கேள்வி: எங்காவது வெள்ளம், புயல் என்றால் பீரோவைக் காலி செய்து பழைய துணிகளை அனுப்பிவிடுகிறோம். இது சரிதானா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பீரோவைக் காலி செய்வது தீபாவளி வேலை, நிவாரணம் வேறு! துவைத்து, பட்டன் தைத்து, உங்கள் தங்கைக்குக் கூசாமல் கொடுக்கக்கூடிய துணியென்றால் தாராளமாக அனுப்புங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. ஏராளமானவை சாலையோரத்திலேயே குவிந்து, மழையில் நனைந்து மக்கின. அங்கே பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்கள் கடலில் உழைத்துச் சாப்பிட்டவர்கள். வீடும் படகும் பிள்ளையும் போனபிறகு, அடுத்தவர் கழித்துப்போட்ட கிழிசலை அவர்கள் ஏன் உடுத்த வேண்டும்? அப்படிக் கிடந்த துணிகளைப் பிற்பாடு தரம் பிரித்துப் பயனுக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கியது அன்ஷு குப்தாவின் ‘கூஞ்ச்’ அமைப்பு. 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

நிவாரண முகாமில் முதல் இரவுக்கு வேண்டியது பட்டுச்சேலை அல்ல. போர்வை, பாய், துண்டு, லுங்கி, நைட்டி, கொசுவர்த்தி. நாப்கினும் உள்ளாடையும் புதிதாகவே இருக்கட்டும். அவற்றை வாய்விட்டுக் கேட்கப் பெண்கள் கூச்சப்படுவார்கள், கேட்காமலே கொடுங்கள். குழந்தைக்கு ஒரு பொம்மை வைத்தால் இன்னும் நல்லது, அது ஆடம்பரமே இல்லை.

அனுப்பும் முன் முகாமுக்கு ஒரு போன் போட்டு, என்ன தேவை என்று கேளுங்கள். மூட்டையின் மேல் உள்ளே இருப்பது என்ன, யாருக்கு, எந்த அளவு என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள்.