முன்திரைக்கு வர அனுமதி கோரும் மனு

பெறுநர்: ஆட்சிமொழித் துறை, தலைமைச் செயலகம், திருவனந்தபுரம்.

வழி: உரிய வழி (எது என்று தெரிந்ததும் நிரப்பப்படும்).

பொருள்: கணினி சும்மா இருக்கும் நேரத்திலாவது தமிழ்ச் சாளரத்தைத் திரைக்கு முன்னால் வரவிடுதல் – தொடர்பாக.

மனுதாரர்கள் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்திலும், இடுக்கிப் பக்கம் மூணாறு, மறையூர், வட்டவடை, குமுளியிலும் குடியிருப்பவர்கள். மலைமேல் இருப்பவர்களில் பாதிப்பேர் லயத்து வீடுகளில். மனுதாரர்கள் புதிய சட்டம் கேட்கவில்லை, நிதி ஒதுக்கீடும் கேட்கவில்லை. கேட்பது ஒரு செட்டிங் மாற்றம். கணினியில் அதைப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் டீ ஆறுவதற்குள் செய்துவிடுவான்.

விவரம் வருமாறு. ஒருவர் மும்முரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கையில் பின்னால் கிடக்கும் வேறொரு மென்பொருள் குதித்து முன்னால் வந்தால் என்ன ஆகும் என்பது துறை அறிந்ததே. பாஸ்வேர்டின் பின்பாதி தெரியாத பெட்டியில் போய் விழும். இதைத் தடுக்க விண்டோஸ் 98, 2000 காலத்திலேயே மைக்ரோசாஃப்ட் ஒரு பூட்டுப் போட்டது. ரெஜிஸ்ட்ரியில் அதற்கு ஃபோர்கிரவுண்ட் லாக் டைம்அவுட் என்று பெயர். வழக்கமான மதிப்பு 2,00,000 மில்லி செகண்ட். விசையையோ மவுஸையோ கடைசியாகத் தொட்டதிலிருந்து 200 செகண்ட் ஆகும்வரை பின்னால் இருப்பது பின்னாலேயே இருக்க வேண்டும். ரொம்ப அவசரம் என்றால் கீழே டாஸ்க்பாரில் தன் பட்டனை மினுக்கிக் காட்டிக்கொள்ளலாம். அந்தக் கெடு தாண்டியும் ஆள் அசையவில்லை என்றால் முன்னால் வந்து நிற்கலாம். மொத்தம் மூன்று நிமிடம் இருபது செகண்ட் பொறுமை.

கேரள அரசின் திரையில் தமிழ் முறைப்படி இன்ஸ்டால் ஆகியே இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் ஆட்சிமொழிகளாக வைத்தது. கூடவே, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்றது. பதிலும் அதே மொழியில் போக வேண்டும் என்றது. இதைவிடத் தெளிவாக எந்த மென்பொருள் உரிமமும் எழுதப்பட்டதில்லை. ஆனாலும் நோட்டீஸ் மலையாளத்தில் வருகிறது, படிவம் மலையாளத்தில் இருக்கிறது என்ற புகார் எல்லையில் இன்றும் கேட்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பட்டன் கீழே மினுக்கிக்கொண்டிருக்கிறது. 200 செகண்ட் எப்போது முடியும் என்று மனுதாரர்கள் மரியாதையுடன் கேட்கிறார்கள்.

எஸ்டேட்டுப் பாட்டி ஒருவர் சர்டிபிகேட்டுக்காக அக்ஷயா மின்சேவை மையத்துக்குப் போகும் காட்சியைத் துறை கற்பனை செய்து பார்க்கட்டும். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் சேச்சி தமிழில்தான் பேசுவார், "அம்மா, பேரு சொல்லுங்க" என்பார். பாட்டி தமிழில் சொல்வார், சேச்சி ஆங்கிலத்தில் அடிப்பார், திரையில் கேள்விகள் மலையாளத்தில் நிற்கும். சர்வர் சுற்றத் தொடங்கும். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு மழையைப் பற்றியும் கொழுந்து விலையைப் பற்றியும் பேசுவார்கள். திரை தானாக இருண்டு ஸ்கிரீன்சேவர் வரும். எந்தச் சட்டத்திலும் பெயர் இல்லாத ஸ்கிரீன்சேவருக்குக்கூட, ஆள் சும்மா இருந்தால் முன்னால் வரும் உரிமை இருக்கிறது.

தமிழ் இங்கே நிலையானது அல்ல, வந்து போவது என்ற எண்ணத்துக்கும் ஒரு பூர்வகதை உண்டு. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 அறிக்கையில் தேவிகுளம், பீர்மேட்டுத் தமிழர்களைப் பெரும்பாலும் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்களாகவே கணக்கில் எடுத்தது. அந்தத் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தோடு நின்றன. கணினி மொழியில் சொன்னால், ஆணையம் பாப்அப் என்று நினைத்தது. அந்தப் பாப்அப்பின் பேரன் பேத்திகள் இப்போது ரேஷன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

தமிழ் ஒருமுறை உண்மையிலேயே முன்திரைக்கு வந்ததைத் துறையின் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். 2021 மே 24 அன்று தேவிகுளம் உறுப்பினர் ஏ. ராஜா சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். கடவுளின் பெயராலா, மனச்சான்றின்படியா என்று சொல்லும் இடமே அந்தத் தமிழ் வாசகத்தில் இல்லை, மொழிபெயர்ப்பில் விட்டுப்போயிருந்தது. ஜூன் 2 அன்று அவர் சபாநாயகர் எம்.பி. ராஜேஷ் முன்னிலையில் மறுபடியும் உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. அடிக்கடி திறந்து ஓட்டாத மென்பொருளில் பிழை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவையில் எல்லாரும் எழுந்து நிற்கும் நேரத்தில்தான் தெரியும்.

முன்னால் வர இன்னொரு வழியும் உண்டு, துறை அதை விரும்பாது. 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் மலைத் தோட்டத்துப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடவில்லை. பெம்பிளை ஒருமை என்று பின்னால் பெயர் பெற்ற அந்தக் கூட்டம் கேட்டது 20 சதவீத போனஸ். கம்பெனி அறிவித்திருந்தது 10. ஒன்பது நாள் கழித்து 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என்று கணக்கைப் பிரித்து எழுதி அந்த இருபதைக் கொடுத்தார்கள். அடுத்த மாதத்தில் நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. அந்த நாட்களில் மலையாளச் சேனல்கள் போட்டி போட்டுக்கொண்டு மைக் நீட்டின, பெண்கள் தமிழில் பேசினார்கள், கேரளம் முழுக்கப் புரிந்தது. சும்மா உட்கார்ந்தால் முன்னால் வரலாம் என்ற விதியைத் தொழிலாளர்கள் தங்கள் பக்கமிருந்து சோதித்துப் பார்த்தது அது. ஒவ்வொரு சாதிச் சான்றிதழுக்கும் கொழுந்துக் கூடையை இறக்கிவைக்க முடியாது என்பதால்தான் இந்த மனு.

விண்டோஸ் கதை இங்கே எடுபடாது, கேரளம் சுதந்திர மென்பொருள் மாநிலம் என்று துறை பதில் சொல்லலாம். நியாயம்தான். 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் இன்று கைட் என்ற அரசு நிறுவனமாகி, பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸைத்தான் ஓட்டுகிறது. தகவல் தொழில்நுட்பப் பாடப்புத்தகம் தமிழிலும் அச்சாகிறது, அதற்கு மனுதாரர்களின் நன்றி. மூணாற்றுப் பிள்ளை கணினியைத் தமிழில் கற்றுக்கொண்டு, அதே அரசின் கணினி முன்னால் மலையாளம் தெரியாமல் நிற்பதுதான் விசித்திரம்.

லினக்ஸிலும் நிலைமை அப்படியொன்றும் வேறில்லை. க்னோம் திரையில் பின்னால் உள்ள மென்பொருள் முன்னால் வர முயன்றால், 'தயாராக இருக்கிறது' என்று ஒரு சின்ன அறிவிப்பு எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். கேடிஈயில் இந்தத் தடுப்புக்கே ஐந்து படிகள் உண்டு: இல்லை, குறைவு, நடுத்தரம், அதிகம், அதீதம். துறை எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று ஊகிக்க மனுதாரர்கள் சிரமப்படவில்லை. வேலண்டு என்ற புதிய திரைமுறை வந்த பிறகு சட்டம் இன்னும் கடுமை. எந்தச் சாளரமும் தானாக எழுந்து வர முடியாது. அப்போது முன்னால் உட்கார்ந்திருக்கும் மென்பொருள் ஒரு டோக்கன் கொடுத்தால்தான் வரலாம். டோக்கனுக்கு நிற்பது எல்லைக்காரர்களுக்குப் பழக்கம்தான், கொடுப்பவர் சீட்டில் இருந்தால்.

எனவே மனுதாரர்கள் கோருவது விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஏற்கனவே உள்ள ஏற்பாடுதான். 'கணினி சும்மா இருக்கும்போது தொடங்கு' என்று அதில் ஒரு வசதி இருக்கிறது. 'சும்மா இருப்பது முடிந்தால் நிறுத்து' என்று பக்கத்திலேயே ஒரு கட்டமும் இருக்கிறது. அதையும் டிக் செய்துகொள்ளலாம். அதிகாரி மவுஸைத் தொட்டவுடன் தமிழ் ஒதுங்கிக்கொள்ளும், மலையாளத்துக்கு ஓர் இடைஞ்சலும் இல்லை. ஒரே ஒரு நிர்வாகச் சிக்கல்: இந்த மனுவை ஏற்றால், அலுவலகத்தில் சும்மா இருக்கும் நேரம் உண்டு என்று துறை கோப்பில் எழுத வேண்டிவரும். மனுதாரர்கள் அதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள்.

இந்த மனு தமிழில் இருப்பதால் மேற்படி 1969 சட்டப்படி பதிலும் தமிழில் வர வேண்டும். தட்டச்சு செய்ய வசதியில்லை என்று பதிலைத் தாமதப்படுத்த வேண்டாம். உபுண்டுவில் செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்ஸ் என்று வரிசையாகப் போய்த் தமிழ்நெட் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். கணினியை அணைத்துப் போட வேண்டியதில்லை, டெண்டரும் விட வேண்டியதில்லை.