பிள்ளையாரைத் தாண்டாத காமன்

மச்சான் பாட்டு, நான் தப்பு. வாத்தியத்தைத்தான் சொல்கிறேன் என்று முன்பெல்லாம் விளக்குவேன். இப்போது விளக்குவதில்லை.

பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் காமன் கம்பம் ஊன்றுவார்கள். ரதி மதன் கல்யாணம், சிவன் தவத்தைக் கலைக்க மதன் புறப்படுவது, பௌர்ணமி வாக்கில் அவன் எரிவது என்று இரவுகள் போகும். நாங்கள் தையிலேயே இஸ்தோப்பில் உட்கார்ந்து பழகத் தொடங்கிவிடுவோம். மச்சான் தொண்டையைப் பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்ப்பான். தயிர் கிடையாது, ஐஸ்கிரீம் கிடையாது, ராத்திரியானால் கொத்தமல்லித் தண்ணி. அப்படி ஒரு மாதம் காத்த தொண்டையை, மேல் டிவிசன் கிரிக்கெட் மேட்சில் ரன் அவுட் இல்லையென்று அம்பயரோடு வாதாடி ஒரே மத்தியானத்தில் முடித்தான்.

ஒருமுறை பதுளை டவுனில் ஒரு கலைவிழா. பத்து நிமிஷம். இத்தனை ராத்திரிக் கூத்தைப் பத்து நிமிஷத்துக்குள் அடக்குவதாக ஒப்புக்கொண்டது நாங்களேதான். அறிவிப்பாளர் எங்களை இந்தக் காலத்து நடேசையர், மீனாட்சி அம்மை என்றார். மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசையர், புடவை வியாபாரி வேஷம் போட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தவர். அவர் மனைவி மீனாட்சி அம்மை, தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாகவே கட்டிக் கூட்டங்களில் பாடியவர். எங்களுக்கு எந்த வேஷமும் வேண்டியிருக்கவில்லை, போன லயமெல்லாம் பிளேன்டீதான். மேடையிலேயே மச்சான் என் காதில், "இதுல மீனாட்சி அம்மை யாருடா?" என்றான். "பாடுறவன் நீதானே" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளையார் காப்பை ஆரம்பித்தான். கோபத்தில் இழுத்து இழுத்துப் பாடி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அன்று பதுளைக்குக் காமன் வரவேயில்லை.

தப்பு வாட்டுவது தனிக் கணக்கு. தேயிலை மிலாறை மூட்டி, தோலைத் தீக்குக் காட்டி, விரலால் சுண்டினால் 'ணங்' என்று வரவேண்டும். மாசிப் பனியில் கொஞ்ச நேரத்திலேயே தோல் தொய்ந்து, ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் 'தொப்' என்னும். திரும்ப வாட்டவேண்டும். போன மாசியில் தகனத்தன்று, ஒரு கையில் தப்பும் மறு கையில் போனுமாக அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். தீ வெளிச்சம் அழகாக விழுந்திருந்தது. கருகிய வாசனை வந்தபோது எந்த வீட்டிலோ கருவாடு சுடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அன்று மதனுக்கு முன்னால் எரிந்தது என் தப்பு.

பொடியன்கள் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து தந்தார்கள். அதோடு ரதி புலம்பலுக்குப் போனோம்.

இங்கே கொப்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' புத்தகத்தைப் பார்த்த வேகத்தில், நாங்களும் கிழவிகளைத் தேடிப் போய்க் கேட்டு எழுதிய கொப்பி. பிற்பாடு மச்சான் அதில் சந்தம் உதைக்கிற இடங்களை எல்லாம் 'சரி' பண்ணிவிட்டான். எனக்கும் அதில் பங்கு உண்டு, சிவப்புப் பேனா என்னுடையது.

புலம்பல் பாதியில் மச்சான் நின்றுவிட்டான். கொப்பியைத் திறந்தான், என் போனில் சார்ஜ் இல்லை, வெளிச்சத்துக்கு வழியில்லை. முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த அம்மாயி ஒருவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார். வேறு சொல், வேறு இழுப்பு.

"கொப்பியில அப்படி இல்லையே, அம்மாயி" என்றான் மச்சான். மைக்கில்.

"கொப்பிக்கு யாரு தம்பி செத்தா?"

பொட்டலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, மேலே பாடிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் சிரிப்பை விட்டுவிட்டார்கள். சும்மா நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. தகரத்தில் மெல்லத் தாளம் சேர்க்கப் பார்த்தேன். அவர் பாட்டை நிறுத்தாமலே, கோழியை விரட்டுவதுபோல் என் பக்கம் கையை ஆட்டினார்.